செல்வின் காதுக்கு எட்டாமல்

தூத்துக்குடி, டூவிபுரம்
12 பிப்ரவரி 2024

அன்புள்ள ஜாய்க்கு,

ஸ்தோத்திரம். 'நாங்கள் சுகம், உன் சுகம் அறிய ஆவல்' என்று கை தானாக எழுதியது. எழுதியதை அடித்துவிட்டேன். நான் சுகம். உன் அண்ணன் நடக்கிறார், சாப்பிடுகிறார். இப்போதைக்கு அவ்வளவுதான்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா? எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழுகிறது. பேச்சுதான் போயிற்று, கேட்கிறதெல்லாம் அவருக்குப் பெரும்பாலும் புரிகிறது என்று நரம்பு டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மனிதரைப் பற்றி அவர் முன்னாலேயே எப்படிப் பேசுவது? அதனால் ஸ்கூலில் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு நானும் அவர்களோடு உட்கார்ந்து எழுதுகிறேன். போட்டோ எடுத்து அனுப்புவேன். நீயும் எழுதியே அனுப்பு. வாய்ஸ் மெசேஜ் மட்டும் வேண்டாம்.

அக்டோபரில் கப்பல் இழுக்கிற டக் படகில் வடம் அறுந்து அவர் தலையில் அடித்தபோது நீ வந்து பார்த்தாயே, அப்போது இருந்ததற்கு இப்போது எவ்வளவோ தேவலை. வலது கைதான் இன்னும் தூக்க வரவில்லை. டிசம்பர் வெள்ளத்தில் அவரோடு டக்கில் வேலை பார்க்கிற பாண்டியராஜும் இன்னும் சில ஆட்களும் அவரை நாற்காலியோடு மாடி வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். இப்போது மாடிப்படி அவராகவே ஏறுகிறார்.

ஆனால் வாயில் ஒரே சொல். 'ஏலே.' பால்காரருக்கும் ஏலே, எனக்கும் ஏலே. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். போன வாரம் நம் சர்ச் சேகரகுரு வந்து தலையில் கை வைத்து நீளமாக ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்கிற இடத்தில் இவர் சத்தமாக 'ஏலே' என்றார். ஐயா கண்ணைத் திறந்து, "என்ன செல்வின்?" என்று கேட்டார். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். அப்புறம் நான் அடுக்களைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

உட்காரவே மாட்டேன் என்கிறார், ஜாய். வாசல் கேட்டிலிருந்து புறவாசல் வரைக்கும், புறவாசலிலிருந்து கேட் வரைக்கும் நடை. ஹார்பரில் கப்பல் ஊதினால் நின்று காது கொடுப்பார். மறுபடி நடை. பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த நடை தொற்றிக்கொண்டது. வகுப்பில்கூட நிற்க முடியவில்லை. "டீச்சர், நீங்க நடந்துக்கிட்டே இருக்கீங்க, எழுதுனது மறைக்கி" என்று பிள்ளைகள் சொல்கின்றன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாண்டியராஜ் ஒரு வீடியோ அனுப்பினான். சென்னைப் பக்கம் ஒரு கிளினிக். பக்கவாதக்காரர், தலையில் அடிபட்டவர் எல்லாரும் அங்கே போய் நடக்கிறார்கள், பேசுகிறார்கள். ஸ்டெம் செல் என்று போட்டிருக்கிறது. நீ படிக்கிற அதே ஸ்டெம் செல். அத்தை உயிரோடு இருந்தபோது, "எங்க ஜாய் மூளைக்கு விதை போடுத படிப்பு படிக்கா" என்று சர்ச்சில் எல்லாரிடமும் சொல்வார்கள். அந்த விதைதானே இது?

லீவில் கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறேன். "போங்க மதினி" என்று ஒரு வார்த்தை எழுது. எனக்கு அது போதும்.

அன்பு மதினி,
ஈவாஞ்சலின்


சூரிச்
14 பிப்ரவரி 2024

அன்பு மதினிக்கு,

ஸ்தோத்திரம். சேகரகுரு கதையைப் படித்துவிட்டு ஆய்வகத்தில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்னவென்று கேட்டாள். 'ஏலே'யை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்ட ஒரு வார்த்தையை எழுத முடியாது. போகாதீர்கள் மதினி. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

நாங்கள் எலியின் மண்டையோட்டில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் பொருத்தி, உள்ளே செல்கள் பிரிவதைப் பார்க்கிறோம். வளர்ந்த மூளையிலும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. மூளைக்குள் நீர் நிரம்பிய அறைகள் உண்டு, அவற்றின் சுவரோரமாகச் சில. ஞாபகத்தோடு சம்பந்தப்பட்ட பகுதியில் சில. நம் கடலில் வலையில் சிக்குமே கடல்குதிரை, அந்த வடிவத்தில் வளைந்திருக்கும் பகுதி அது. அநேகமாக எல்லாம் தூங்குகிற செல்கள். என்றைக்காவது ஒன்று விழித்து இரண்டாகப் பிரியும். சில நேரம் ஒன்று பழையபடி ஸ்டெம் செல்லாக நின்றுகொள்ள, மற்றது நரம்பு செல் ஆகப் புறப்படும். சில நேரம் இரண்டுமே புறப்பட்டுவிடும், அந்த ஸ்டெம் செல் அதோடு தீர்ந்தது. புதிதாகப் பிறப்பவற்றிலும் பெரும்பாலானவை சில வாரங்களில் செத்துவிடும். பிழைக்கிற சிலதான் பக்கத்துச் செல்களோடு இழை கோர்த்து வேலை செய்யத் தொடங்கும்.

அடிபட்ட எலியில் சுவரோரச் செல்கள் விழித்துக் காயத்தை நோக்கி நகர்கின்றன. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த வரியைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியும். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் அப்படிப் போய்ச் சேருகிறவை பெரும்பாலும் நரம்பு செல் ஆவதில்லை. காயத்தின் ஓரத்தை அடைத்து, ரத்தம் கசியாமல், சேதம் பரவாமல் பார்த்துக்கொள்கிற செல்களாகின்றன. அதுவும் பெரிய உதவிதான். போன பேச்சைத் திருப்பித் தருகிற உதவி அது இல்லை. வளர்ந்த மனிதரின் மூளையில் இதெல்லாம் எவ்வளவு நடக்கிறது, நடக்கிறதா என்பதிலேயே எங்கள் ஆட்களுக்குள் பெரிய சண்டை.

அந்தக் கிளினிக்கில் ஏற்றுவது இந்தச் செல்லே இல்லை. இடுப்பெலும்பிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்து முதுகுத்தண்டில் ஏற்றுகிறார்கள். அதனால் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கிருமி போய்விடும் ஆபத்து உண்டு. ரத்த நோய் போன்ற சிலவற்றைத் தவிர, ஆராய்ச்சிப் பரிசோதனைக்கு வெளியே இதைச் செய்யக் கூடாது என்று நம் நாட்டு விதிமுறையே சொல்கிறது.

அண்ணனுக்கு வேண்டியது பேச்சுப் பயிற்சி. அடிபடாமல் மிஞ்சியிருக்கிற செல்கள் பழகப் பழகப் புது வழி போட்டுக்கொள்ளும். மெதுவாகத்தான் நடக்கும். பொறுமையாக இருங்கள்.

உங்கள்
ஜாய்


தூத்துக்குடி
4 மார்ச் 2024

அன்புள்ள ஜாய்,

நல்ல பாடம் நடத்தியிருக்கிறாய். இரண்டு தடவை படித்தேன். புரிந்தது. நான் தமிழ் டீச்சர்தான், ஆனாலும் புரிந்தது.

உன் கடிதம் முழுக்க எலி. எலியின் காயத்துக்கு யாரோ எழுந்து போகிறார்கள். என் வீட்டு மனுஷனுக்கு மட்டும் பொறுமை.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கேட் திறந்து கிடந்தது, ஆளைக் காணவில்லை. தெரு முழுக்கத் தேடினேன். நம் தெரு முனையில் ஆட்டோ போட்டிருக்கிற காசிலிங்கம் அண்ணாச்சி ஹார்பர் ரோட்டில் சவாரி போனபோது பார்த்திருக்கிறார். இவர் லாரிகளுக்கு நடுவில், வெயிலில், காலில் செருப்பில்லாமல் கிழக்கே பார்த்து நடந்துகொண்டிருக்கிறார். ஒரு லாரி பிரேக் போட்டு நின்றிருக்கிறது. டிரைவர் இறங்கித் திட்டியிருக்கிறான். இவர் பதிலுக்கு என்ன சொல்லியிருப்பார்? 'ஏலே' என்றிருக்கிறார். திரும்பத் திரும்ப அதையே சொல்லியிருக்கிறார். குடிகாரன் என்று நினைத்து அவன் கையை ஓங்கிவிட்டான்.

அண்ணாச்சி ஆட்டோவை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். "ஏய், கைய எறக்கு! யாருன்னு நெனச்ச? நம்ம டக்கு ஓட்டுத செராங்கு செல்வின் அவரு. மண்டையில அடிபட்டவரு. வாய் வராதுய்யா."

வீட்டில் கொண்டுவந்து விட்டார். நான் காலைக் கழுவிவிட்டேன். உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. "எதுக்குப் போனீங்க? எங்க போனீங்க?" என்று கத்தினேன். என்னையே பார்த்தார். உதடு அசைகிறது, தொண்டை புடைக்கிறது, கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. வந்தது அந்த ஒரே சொல். இடது கையால் சுவரில் ஓங்கி அடித்தார், ஜாய். வெள்ளம் வந்த கறை இருக்கிறதே, அந்த இடத்தில் காரை பெயர்ந்து விழுந்தது.

இனி கேட்டைப் பூட்டுகிறேன். பூட்டிவிட்டு ஸ்கூலுக்குப் போகிறேன். கீழ வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள். இதுதான் என் பொறுமை.

பேச்சுப் பயிற்சிக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். பயிற்சி கொடுக்கிற பெண் நல்ல பிள்ளை. படம் காட்டி, "இது என்ன? சோறு. சொல்லுங்க, சோறு" என்கிறாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நீ அங்கே ஜன்னல் வைத்துப் பார்க்கிறாய். நான் இங்கே ஜன்னல் இல்லாமல் பார்க்கிறேன். எனக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஏதாவது செய்யாமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஈவாஞ்சலின்


சூரிச்
9 மார்ச் 2024

அன்பு மதினி,

காலைக் கழுவிவிட்டீர்கள் என்று படித்ததற்கு மேல் போக முடியாமல் மூடிவைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் படித்தேன். பொறுமையாக இருங்கள் என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எனக்கே அது இல்லை.

உண்மையைச் சொல்லட்டுமா? அடிபட்ட எலிகளை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நான் ஞாயிற்றுக்கிழமையும் போய் உட்காருகிறேன். ஒரு எலியில், காயத்துக்கு அருகே வந்து சேர்ந்த ஒரு செல் நீளமாக இழை விட்டிருந்தது. நரம்பு செல் மாதிரியே இருந்தது. பேராசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "ஜாய், இது அது இல்லை. நீ அப்படிப் பார்க்க விரும்புகிறாய்" என்றார். மறுநாள் சாயம் ஏற்றிப் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன். கற்றவளாகிய நானே ஏமாறத் தயாராக இருக்கிறேன் என்றால், வீடியோ பார்க்கிறவர்கள் என்ன செய்வார்கள்?

ஒன்று கேட்கிறேன். அண்ணன் கிழக்கே பார்த்து நடந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஹார்பர்தானே? அவருக்கு இப்போது வேண்டியது பேச்சா, இல்லை அங்கே போவதா? இந்தக் கிளினிக் விஷயத்தை அவரிடம் கேட்டீர்களா? அவருக்குப் புரிகிறது என்று நீங்களே எழுதினீர்கள். ஆம், இல்லை என்று தலையாட்டவாவது வருமே.

கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஜாய்


சூரிச்
20 ஜூன் 2024

மதினிக்கு,

மூன்று மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போனில் கேட்டால், "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று வைத்துவிடுகிறீர்கள். ஏன் என்று நேற்றுத் தெரிந்தது.

சாத்தான்குளத்திலிருந்து ஜெயசெல்வி என்று ஒரு அம்மா எனக்கு மெயில் எழுதியிருக்கிறார். அவர் மகனுக்கு பைக் விபத்தில் தலையில் அடிபட்டதாம். 'உங்க அண்ணனுக்கு நீங்க சொல்லித்தான் அங்க ஊசி போட்டாங்கன்னு வீடியோல பாத்தேன் மேடம். என் மகனையும் கூட்டிட்டுப் போகலாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க' என்று கேட்கிறார். நீங்கள் பிப்ரவரியில் கேட்ட அதே ஒரு வார்த்தை.

வீடியோவைப் பார்த்தேன். அண்ணனுக்குப் புதுச் சட்டை போட்டு, தலை வாரி, நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். கேமராவைப் பார்த்து 'ஏலே' என்கிறார். பின்னால் இசை போடுகிறார்கள். அடுத்து நீங்கள்: "இவர் தங்கச்சி சுவிட்சர்லாந்துல இதையேதான் ஆராய்ச்சி பண்ணுதா." உடனே என் போட்டோ. கீழே எழுத்து: 'விஞ்ஞானியின் சொந்த அண்ணனே நம்பிய சிகிச்சை.'

என் போட்டோ, மதினி. போகாதீர்கள் என்று எழுதியவளின் போட்டோ.

இங்கே ஆய்வகத்திலும் சொல்ல வேண்டியதாயிற்று. என்னால் பேராசிரியர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதுகூடப் போகட்டும். அந்தப் பையனுக்கு ஏதாவது ஆனால்? இன்னும் எத்தனை பேர் இதைப் பார்த்துக் கிளம்பியிருக்கிறார்கள்?

அந்த அம்மாவுக்கு வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டேன். அவர் நம்பவில்லை. 'நீங்க உங்க ஆளுகளுக்கு மட்டும் செஞ்சுக்கிடுவீங்க' என்கிறார். வீட்டுக்கே வந்து அண்ணனைப் பார்க்கப் போகிறாராம்.

வீடியோவை எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த ஊசி என்று கூப்பிட்டால் அண்ணனைக் கூட்டிப் போகாதீர்கள். அவர் கண்ணைப் பார்த்தேன். அவரைக் கேட்டுத்தான் கூட்டிப்போனீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜாய்


சூரிச்
18 ஆகஸ்ட் 2024

மதினி,

போனை எடுப்பதில்லை. பாண்டியராஜிடம் பேசினேன். அண்ணனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார் என்கிறான். மேலே கேட்டால், "அக்காட்டயே கேளு ஜாய், என்னய சொல்லக்கூடாதுன்னுட்டா" என்கிறான்.

என்ன காய்ச்சல்? ஊசிக்குப் பிறகா?

ஜூனில் எழுதிய கடிதத்தில் கோபம் அதிகம். அதை மாற்றி எழுதப் போவதில்லை, ஆனால் அதற்காக என்னை இப்படி வெளியே நிறுத்தாதீர்கள். கூடப் பிறந்தவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததை வேறொருவர் சொல்லிக் கேட்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஒரு வரி போதும். திட்டியாவது எழுதுங்கள்.

ஜாய்


தூத்துக்குடி
6 அக்டோபர் 2024

அன்புள்ள ஜாய்,

ஸ்தோத்திரம். இது நீளமாகப் போகும். இந்தக் கடிதத்தை ஸ்கூலில் வைத்து எழுதவில்லை. வீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மே லீவில் கூட்டிப் போனேன். முதல் ஊசி. ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது ரயிலில் நன்றாகத் தூங்கினார். எழுந்து, டீக்காரரைப் பார்த்து "சரிலே" என்றார். புதுச் சொல்! பெட்டி முழுக்கக் கேட்கும்படி நான் கத்திவிட்டேன். எதிர் சீட்டுப் பெண்ணைக் கட்டிப்பிடித்தேன். ஆஸ்பத்திரிப் பிள்ளை ஏப்ரல் முழுக்க அந்தச் சொல்லைத்தான் பழக்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. ஊசிதான் என்று நினைத்தேன்.

வீடியோவைப் பற்றி. உன் பெயரை நான் விற்கவில்லை. அங்கிருந்த டாக்டர், "வீட்ல யாராவது மெடிக்கல் லைன்ல இருக்காங்களா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை பொங்கிவிட்டது, சொன்னேன். நீ வேண்டாம் என்றதையும் சொன்னேன், ஜாய். "ஆனாலும் எனக்கு மனசு கேக்கல, கொண்டாந்துட்டேன்" என்றேன். அதை வெட்டிவிட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, வீடியோவை எடுத்தாயிற்று. கிளினிக் நடந்துகொண்டுதான் இருக்கிறது. புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்க்கலாம்.

ஜூலையில் இரண்டாவது ஊசி. வீட்டுக்கு வந்த மறுநாள் காய்ச்சல். கழுத்து விறைத்துவிட்டது. வெளிச்சம் பட்டால் கத்தினார். மூளைக் காய்ச்சல் என்றார்கள் மெடிக்கல் காலேஜில். கிளினிக்குக்குப் போன் போட்டால், "அது எங்க ஊசியால இல்லைம்மா, வேற இன்ஃபெக்‌ஷன்" என்று ஒரு பெண் குரல். அப்புறம் அந்தக் குரலும் எடுக்கவில்லை. உன் போனும் வந்துகொண்டேயிருந்தது. எடுத்தால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். சொல்லாமல் இருந்தாலும் அது எனக்குக் கேட்கும். அதனால் எடுக்கவில்லை.

பிழைத்துவிட்டார். எடை குறைந்து, தாடியோடு, ஆனால் பிழைத்துவிட்டார்.

போன மாதம் ஜெயசெல்வி வந்தாள். சாத்தான்குளத்திலிருந்து பஸ் மாறி மாறி. மகனைக் கூட்டி வரவில்லை, ஸ்கேன் படங்களை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தாள். நான் டியூஷன் எடுக்கிற அறை அது, கரும்பலகை மாட்டியிருக்கும். இவர் வழக்கம்போல வாசலுக்கும் புறவாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவள் கண் அவர் பின்னாலேயே போயிற்று.

"ஒங்க வீட்டுக்காரவிய நல்லா நடக்காவளே டீச்சர். அது அங்கன போட்ட ஊசியிலதான?"

"இல்லம்மா. அதுக்கு முன்னாலயே நடந்தாவ" என்றேன். காய்ச்சலைச் சொன்னேன், கழுத்து விறைத்ததைச் சொன்னேன். அவள் நம்பாத முகத்தோடு கேட்டாள். "எனக்கு வேற என்ன வழி இருக்கு டீச்சர்? சும்மா உக்காந்து பாத்துக்கிட்டா இருக்க?" என்றாள். நான் உனக்கு எழுதிய அதே பேச்சு.

அப்போது நடை நின்றது. இவர் உள்ளே வந்தார். கரும்பலகைக்குக் கீழே கிடந்த சாக்பீஸை இடது கையால் எடுத்தார். எழுத்து எழுத்தாக, ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று எழுதினார்.

வேண்டம்.

ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. பிள்ளைகள் நோட்டில் ஒரு புள்ளி விட்டாலும் சுழித்துப் பழகிய கை என்னுடையது. அன்றைக்கு அசையவில்லை.

ஜெயசெல்வி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவியளே வேண்டாங்காவ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஸ்கேன் படங்களைச் சுருட்டிப் பையில் வைத்தாள். ஆஸ்பத்திரிப் பிள்ளையின் நம்பரைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். போவாளா, வேறு கிளினிக்குக்குப் போவாளா, எனக்குத் தெரியாது.

அவள் போன பிறகு இவரிடம் கேட்டேன். "இத அவளுக்கு எழுதுனீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார். சாக்பீஸ் பிடித்த கையை நீட்டி என்னைக் காட்டினார்.

கோபமாகக் காட்டவில்லை. கோபமாகக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப்போய்க் காட்டினார். ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கடைசியில் ஒருத்தி கேட்டுவிட்டாள் என்கிற மாதிரி. எத்தனை 'ஏலே' அந்த ஒரு சொல்லாக இருந்ததோ. ரயில் ஏறும்போது ஒன்று, அந்த நாற்காலியில் ஒன்று.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "சரி. ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். அப்போதுதான் கேட்டேன், ஜாய். மார்ச்சில் நீ கேட்கச் சொன்னபோது, இவளுக்கு எங்கிருந்து தெரியும் என்று கடிதத்தைத் தூக்கிப் போட்டேன். அவர் வாசலுக்குப் போய்க் கேட்டில் கை வைத்து நின்றார்.

இப்போது கேட்டைப் பூட்டுவதில்லை. சாயங்காலம் காசிலிங்கம் அண்ணாச்சி ஆட்டோவில் நாங்கள் இரண்டு பேரும் பழைய துறைமுகப் பக்கம் போகிறோம். செருப்புப் போட்டுக்கொண்டு. ஒருநாள் பாண்டியராஜ் வந்து இவரோடு உட்கார்ந்து, எந்த டக்கில் எந்த எஞ்சின் மக்கர் செய்கிறது, புதிதாக வந்தவன் வடத்தை எப்படிக் கட்டுகிறான் என்று பேசிக்கொண்டே இருந்தான். இவர் இடது கையால் மணலில் முடிச்சு வரைந்து காட்டினார். "அதான்! அதான் அவன் தப்பாப் போடுதான்!" என்று பாண்டியராஜ் குதித்தான். திரும்பும்போது இவர் அண்ணாச்சியிடம் "போ" என்றார். ஆட்டோவைக் கிளப்பச் சொல்லி. சரியான இடத்தில் சரியான சொல்.

நடை நின்றுவிட்டது என்று நினைக்காதே. இப்போதும் நடக்கிறார். நானும் நடக்கிறேன்.

நேற்று ஆரம்பித்து, இந்தக் கடிதங்கள் எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். நான் எழுதியதும் நீ எழுதியதும். உன் திட்டும் சேர்த்து. அவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இனி ஒன்றும் இருக்கக் கூடாது. சேகரகுரு இடத்தில் சிரித்தார். காலைக் கழுவிய இடத்தில் என் கையைத் தட்டினார். நீ செல்லைப் பார்த்து ஏமாந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சைகை காட்டினார். ஏனென்று தெரியவில்லை.

உன் மேல் கோபம் முழுக்கப் போகவில்லை. நீ சொன்னது எல்லாம் சரியாக இருந்தது. தூரத்தில் இருந்துகொண்டு சரியாக இருந்தாய், அதுதான் கோபம். போகும், நேரம் கொடு.

இனி எனக்கு எழுதாதே. அவருக்கு எழுது. கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கிறார். சின்ன வரியாக, பெரிய எழுத்தாக எழுது. புரியாத சொல் போடாதே. அவரிடம் எதையும் மறைக்காதே.

உன் மதினி,
ஈவாஞ்சலின்


சூரிச்
13 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் ஜாய்.
மெல்ல வாசி.

உன் தலையில் அடிபட்டது.
காயம் ஆறிவிட்டது.
உள்ளே தழும்பு இருக்கிறது.
பேச்சு இருந்த இடம் அது.

நான் எலி மூளையைப் பார்க்கிறேன்.
அங்கே ஒரு செல் இரண்டாகிறது.
புதுச் செல் பிறக்கிறது.
நிறையச் சாகிறது.
கொஞ்சம் பிழைக்கிறது.

உனக்குள் எப்படி?
எனக்குத் தெரியாது.
இன்னும் யாருக்கும் தெரியாது.
தெரியும் என்பவரை நம்பாதே.

பழைய பேச்சு முழுக்க வராது.
இதை யாரும் உன்னிடம் சொல்லவில்லை.
நான் சொல்கிறேன்.
புதுச் சொல் வரும்.
ஒவ்வொன்றாக வரும்.

அந்த ஊசி தப்பு.
நீ வேண்டாம் என்றது சரி.

நானும் மதினியும் சண்டை போட்டோம்.
உன்னைப் பற்றித்தான்.
உன்னைக் கேட்கவே இல்லை.
மன்னித்துக்கொள்.

டிசம்பரில் வருகிறேன்.
உன்னோடு இருக்க வருகிறேன்.
உன்னைச் சோதிக்க வரவில்லை.
நாம் எங்கே போகலாம்?
நீ எழுது.
ஒரு சொல் போதும்.

அவசரம் இல்லை.

பொய் சொல்லிவிட்டேன்.
அவசரம்தான்.
சீக்கிரம் எழுது.

உன் தங்கச்சி,
ஜாய்